மேடைக்கு முந்தைய காலம்

நாடகத்துக்கு இன்றியமையாதது எது என்பதில் ஒருமித்த கருத்து என்றுமே இருந்ததில்லை. அரிஸ்டாட்டில் கதைக்கோப்பை நாடகத்தின் உயிராகக் கொண்டு, காட்சியமைப்பைக் கடைசி இடத்தில் வைத்தார். நாட்டிய சாத்திரம் பார்ப்பவர் மனத்தில் எழும் சுவையை இலக்காக வைத்து மற்றவற்றையெல்லாம் அதன் பின்னால் அடுக்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்திய நகரங்களைச் சுற்றிவந்த பார்சிக் கம்பெனிகள் ஓவியத் திரைகளையும் தந்திரக் காட்சிகளையும் நம்பின. இருபதாம் நூற்றாண்டு இயக்குநரை நம்பியது. இந்த விடைகள் பெரும்பாலும் மேடை ஏறிய பிறகு தெரியவருகிறவற்றைப் பற்றியவை. அதற்கு முன் நடந்து முடிந்துவிடும் வேலைக்கு, அதாவது ஒத்திகைக்கும் பயிற்சிக்கும், நாடக வரலாற்று நூல்கள் ஒதுக்கியிருக்கும் பக்கங்கள் மிகக் குறைவு. பிரதி அச்சில் மிஞ்சுகிறது. அரங்கக் கட்டடம் கல்லாக மிஞ்சுகிறது. நடிகரின் புகழ் விமரிசனத்திலாவது மிஞ்சுகிறது. ஒத்திகை பெரும்பாலும் எந்தத் தடயத்தையும் விட்டுவைப்பதில்லை. ஆனால் ஒரு குழு தன் நேரத்தை எங்கே, யாரோடு, எவ்வளவு செலவிடுகிறது என்பதுதான் அந்தக் குழுவால் எப்படிப்பட்ட நாடகத்தைச் செய்ய முடியும் என்பதைத் தீர்மானிக்கிறது. சில மரபுகளையும் சில குழுக்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

கழித்துக்கொண்டே போனால்

நாடகத்திலிருந்து ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்து எது எஞ்சுகிறது என்று கேட்டவர் போலந்து இயக்குநர் யெர்சி குரோட்டோவ்ஸ்கி. 1959இல் ஓபோலே என்ற சிறு நகரத்தில் ‘பதின்மூன்று வரிசை அரங்கு’ என்ற குழுவின் பொறுப்பை ஏற்றார். 1965இல் குழு விரோத்ஸ்வாஃப் நகருக்கு இடம்பெயர்ந்தது. ஒப்பனை இல்லாமல் நாடகம் நடக்குமா? நடக்கும். உடையலங்காரம், காட்சியமைப்பு, ஒளி, பதிவுசெய்த இசை, தனி மேடை ஆகியவை இல்லாமலும் நடக்கும். எழுதிய பிரதி இல்லாமலும் நடந்திருக்கிறது. நடிகருக்கும் பார்வையாளருக்கும் இடையிலுள்ள நேரடி உறவை மட்டும் நீக்க முடியாது என்பது அவர் கண்ட முடிவு. 1968இல் வெளியான ‘வறிய அரங்கை நோக்கி’ என்ற தொகுப்பு இந்த முடிவை உலகெங்கும் கொண்டுசேர்த்தது.

கணக்கு கச்சிதமாக இருக்கிறது. ஆனால் அதில் ஓர் உறுப்பு விடுபட்டிருக்கிறது. அது என்ன என்பதை அவருடைய சொந்தச் செயல்முறையே காட்டிக்கொடுக்கிறது. 1965இல் அரங்கேறிய ‘மாறா இளவரசன்’ நாடகத்தில் தலைமைப் பாத்திரம் ஏற்றவர் ரிசார்ட் சீஷ்லாக். சித்திரவதைக்கு உள்ளாகும் இளவரசனின் வேதனையை அவர் வேதனையிலிருந்து உருவாக்கவில்லை. தன் பதின்பருவக் காதல் நினைவொன்றின் உடலசைவுகளை மீட்டெடுத்து, அவற்றின் மேல் பிரதியின் சொற்களை ஏற்றினார். குழுவின் மற்ற நடிகர்களிடமிருந்து விலகி, இயக்குநரும் அவரும் மட்டும் பல மாதங்கள் இந்த வேலையில் இருந்தார்கள். நாடகத்தைப் பார்க்க ஒரு வேளைக்கு அனுமதிக்கப்பட்டவர்கள் சில பத்துப் பேரே. ஒளியும் உடையும் ஒப்பனையும் வேண்டாம் என்று ஒதுக்கிய அரங்கு நேரத்தை மட்டும் வேறெந்த அரங்கையும்விட ஊதாரித்தனமாகச் செலவழித்தது. அந்த மாதங்களையும் கழித்துவிட்டால் சீஷ்லாக்கின் நடிப்பு எஞ்சாது. அந்தக் காலத்து போலந்தில் அரங்குகள் அரசு மானியத்தில் இயங்கின என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். டிக்கெட் வசூலை நம்பிய எந்தக் குழுவும் இப்படி வறுமை பூண்டிருக்க முடியாது.

ஒத்திகை இல்லாத நாடகங்கள்

இந்த வாதத்துக்கு உடனே எழக்கூடிய மறுப்பு ஒன்று உண்டு. கூட்டு ஒத்திகையே இல்லாமல், அல்லது பெயரளவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, உயிர்ப்போடு இயங்கிய நாடக மரபுகள் இருக்கின்றன. அவற்றில் பெயர்பெற்றது ஷேக்ஸ்பியர் காலத்து லண்டன் அரங்கு.

ரோஸ் அரங்கின் உரிமையாளர் ஃபிலிப் ஹென்ஸ்லோ வைத்திருந்த கணக்குப் புத்தகத்தின்படி, அங்கே ஆடிய அட்மிரல் குழுவினர் 1594–95 பருவத்தில் வாரத்துக்கு ஆறு நாள் ஆடினார்கள். மொத்தம் 38 நாடகங்கள், அவற்றில் 21 புதியவை. இன்று ஒன்று, நாளை வேறொன்று. இந்த வேகத்தில் எல்லோரும் கூடி வாரக்கணக்கில் ஒத்திகை பார்ப்பது நடக்கிற காரியமல்ல. நடிகருக்கு முழுப் பிரதியும் தரப்படவில்லை. அவர் பேச வேண்டிய வசனமும், ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் அடுத்தவர் பேசி முடிக்கும் இரண்டொரு சொற்களும் மட்டும் எழுதிய தாள்சுருள் கைக்கு வந்தது. புகழ்பெற்ற நடிகர் எட்வர்ட் ஆலன் பயன்படுத்திய அத்தகைய சுருள் ஒன்று லண்டனின் டல்விச் கல்லூரியில் இன்றும் இருக்கிறது. நடிகர்கள் பாடத்தைத் தனியாக உருப்போட்டுக்கொண்டு வந்தார்கள். கூட்டு ஒத்திகை சில சமயம் ஒன்றோடு முடிந்தது என்கிறார் இதை விரிவாக ஆராய்ந்த டிஃபனி ஸ்டெர்ன். எதிரே நிற்பவர் எப்போது, எவ்வளவு நீளம் பேசுவார் என்பது தெரியாததால், மேடையில் ஒவ்வொருவரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. பல மாத ஒத்திகையில் இன்றைய இயக்குநர்கள் வரவழைக்கப் பாடுபடும் கவனம் அங்கே வேலைமுறையிலிருந்தே கிடைத்தது.

இதைவிட வியப்பான எடுத்துக்காட்டு தமிழ்நாட்டில் இருக்கிறது. மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களில் கோயில் திருவிழாக்களில் நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் குழு என்று ஒன்று கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக அமர்த்தப்படுகிறார்கள். ஒருவர் மதுரையிலிருந்து வருவார், இன்னொருவர் திண்டுக்கல்லிலிருந்து வருவார். அன்றிரவு கொட்டகைக்குப் பின்னால்தான் சந்திப்பு. சிலர் அதற்கு முன் சேர்ந்து ஆடியிருக்கவே மாட்டார்கள். இரவு பத்து மணி வாக்கில் தொடங்கி, முதல் சில மணி நேரம் பபூனும் நகைச்சுவையுமாகப் போய், பிறகு ‘வள்ளி திருமணம்’ விடியும்வரை நடக்கிறது. இதை நேரில் ஆராய்ந்து நூல் எழுதிய அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சைசர், இந்த ஏற்பாட்டுக்குள் இருக்கும் இறுக்கமான ஒழுங்கை விரிவாகக் காட்டியிருக்கிறார். எந்தக் காட்சிக்குப் பின் எது, எந்தப் பாட்டு எந்தச் சுருதியில், யார் எந்தப் பக்கத்திலிருந்து வருவார் என்பதெல்லாம் எல்லோருக்கும் மனப்பாடம். நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கத்தில் யார் எவ்வளவு தூரம் இழுப்பார் என்பது மட்டும் அன்றைக்கன்று தீர்மானமாகும். ஊர்க்காரர்கள் காத்திருப்பதும் அதற்காகத்தான்.

ஆக, ஒத்திகை இல்லை என்பது பாதி உண்மை. அந்த நேரம் வேறொரு கணக்கில் ஏற்கெனவே கட்டப்பட்டுவிட்டது. ஸ்பெஷல் நாடகத்தின் பாட்டுகளையும் காட்சி வரிசையையும் பெருமளவுக்கு உருவாக்கித் தந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). ஒரு நூற்றாண்டுக் காலம் பல தலைமுறை நடிகர்கள் ஒரே நாடகங்களை ஆடி ஆடி, அந்த மரபையே ஒரு பொது ஒத்திகையாக ஆக்கியிருக்கிறார்கள். புதிய நடிகர் அதற்குள் வந்து நுழைகிறார். இதன் விலையும் தெளிவானது: எல்லோருக்கும் தெரிந்த சில நாடகங்களைத் தாண்டி இந்த முறை போக முடியாது. நாளைக்கே ஒரு புதுப் பிரதியைக் கொடுத்தால் மொத்த ஏற்பாடும் நின்றுவிடும்.

பிள்ளைப் பருவத்தில் கட்டிய நேரம்

சங்கரதாஸ் சுவாமிகள் இதற்கு நேரெதிரான ஏற்பாட்டுக்கும் காரணமாக இருந்தவர். வளர்ந்த நடிகர்கள் பாடத்தை விட்டுவிட்டு மேடையில் தம் சாமர்த்தியத்தைக் காட்டத் தலைப்படுவார்கள். ஒருவரை ஒருவர் மடக்குவதே நாடகமாகிவிடும். சிறுவர்களைச் சேர்த்துக் கட்டுப்பாட்டோடு பயிற்றுவித்தால் பாடம் பாடமாக நிற்கும் என்ற எண்ணம் பாலர் சபைகள் பெருகியதற்கு ஒரு காரணம். 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சுவாமிகள் ஆசிரியராக இருந்தார். அங்கே சேர்ந்த டி. கே. எஸ். சகோதரர்களில் ஒருவரான டி. கே. சண்முகம், பின்னாளில் ‘எனது நாடக வாழ்க்கை’ என்ற நூலில் அந்தப் பயிற்சியை விவரித்திருக்கிறார். கம்பெனி வீட்டிலேயே சாப்பாடு, படுக்கை, பாட்டு, வசனம், நடை எல்லாம். ஒத்திகைக்கும் வாழ்க்கைக்கும் நடுவில் சுவர் இல்லை.

இந்த முறையின் கொடுமைகளை மறைப்பதற்கில்லை. பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் பிள்ளைகள் வேலைக்கு விடப்பட்டார்கள், அடி சாதாரணம், குரல் உடையும் வயது வந்ததும் பலருக்கு வாழ்க்கை கேள்விக்குறியானது. ஆனால் பயிற்சியின் ஆழத்தையும் மறுக்க முடியாது. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியிலிருந்து எம். ஜி. ஆரும், யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியிலிருந்து சிவாஜி கணேசனும் வந்தார்கள். நீளமான வசனத்தை ஒரே மூச்சில் ஏற்ற இறக்கத்தோடு பேசும் ஆற்றல், அடுத்தவர் பாடத்தையும் சேர்த்து மனத்தில் வைத்திருக்கும் வழக்கம் ஆகியவை அந்தக் கொட்டகைகளில் ஏறியவை. தமிழ் சினிமா முப்பது நாற்பது ஆண்டுகள் அந்தச் சேமிப்பில் வாழ்ந்தது.

இதே காலத்தில் சென்னையில் இன்னொரு வகை நாடகக்காரர்கள் இருந்தார்கள். பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் நண்பர்களோடு தொடங்கிய சுகுண விலாச சபையில் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் நடித்தார்கள். பிழைப்பு வேறு, நாடகம் வேறு. ஒத்திகை மாலை நேரத்துக்கும் விடுமுறை நாளுக்கும் நகர்ந்தது. நடிகருக்குச் சமூக மதிப்பு கிடைத்தது. நாள் முழுவதும் நாடகத்துக்கே என்ற நிலை போயிற்று. இந்தப் பரிமாற்றத்தின் விளைவு தமிழ்நாட்டின் சபா நாடகங்களில் இன்றுவரை தொடர்கிறது.

ஊரே பழகும் கூத்து

ஒத்திகையை நாடகத்துக்கான தயாரிப்பாகப் பார்க்காமல், நாடக நிகழ்வின் பகுதியாகவே பார்க்கும் மரபு இலங்கையின் மட்டக்களப்பில் இருக்கிறது. அங்குள்ள வடமோடி, தென்மோடிக் கூத்துகளைப் பற்றிச் சி. மௌனகுரு செய்த ஆய்வுகள் அரங்கேற்றத்துக்கு முந்தைய படிநிலைகளை விரிவாகப் பதிவு செய்திருக்கின்றன. ஊர் கூடி ஒரு கூத்தை ஆடுவதென்று தீர்மானித்ததும் அண்ணாவியாரை அழைத்து வருவார்கள். அவரே ஆசிரியர், மத்தளக்காரர், இன்றைய சொல்லில் இயக்குநரும்கூட. யார் எந்தப் பாத்திரம் என்பது முடிவானபின் ‘சட்டம் கொடுத்தல்’ நடக்கும். ஒவ்வொருவரும் தம் பாத்திரத்துக்குரிய பகுதியைப் பெற்றுக்கொள்வார்கள். பாத்திரப் பங்கீட்டில் ஆட்டத் திறமை ஒரு பக்கம், ஊரில் உள்ள செல்வாக்கு ஒரு பக்கம். ராசா வேடத்துக்கு மனஸ்தாபம் வருவதும் உண்டு.

பிறகு பழக்கம் தொடங்கும். பகல் வேலை முடிந்த இரவுகளில், களரியில், தாளக்கட்டும் ஆட்டமும் முதலில். பாட்டு அதனோடு சேரும். பழக்கம் மாதக்கணக்கில் நீளும். ஆட்டம் ஓரளவு படிந்ததும் ‘சதங்கை அணிதல்’ ஒரு சடங்காகவே நடத்தப்படும். அன்றுதான் ஆட்டக்காரர் முதன்முதலாகச் சதங்கை கட்டி ஊரார் முன் ஆடுவார். முழுக் கூத்தையும் தொடக்கம் முதல் முடிவுவரை ஆடிப்பார்க்கும் ‘அடுக்குப் பார்த்தல்’ அதற்குப் பின். கடைசியாக வட்டக்களரியில் உடுப்போடு அரங்கேற்றம்.

இந்த ஏற்பாட்டில் பழக்கம் நடப்பது பூட்டிய கதவுக்குப் பின்னால் அல்ல. பிள்ளைகளும் பெரியவர்களும் சுற்றி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். அரங்கேற்ற இரவில் பார்வையாளர்களுக்குப் பாட்டு தெரியும், ஆட்டம் தெரியும், யார் எந்த வரவில் தடுமாறினார் என்பதும் தெரியும். நடிகரும் பார்வையாளரும் ஒரே காலத்தில் தயாராகிறார்கள். நவீன அரங்கில் பார்வையாளர் எதுவும் தெரியாமல் வந்து இருட்டில் உட்காருவதோடு ஒப்பிட்டால் இதன் பலம் புரியும். ஊர்ப்பற்றால் கண்மூடிப் பாராட்டுகிற பார்வையாளர்கள் அல்லர் இவர்கள்; நுணுக்கம் தெரிந்து குறை சொல்கிறவர்கள்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சு. வித்தியானந்தன் 1960களில் இந்தக் கூத்தை நவீன மேடைக்குக் கொண்டுவந்தபோது ‘கர்ணன் போர்’ (1962), ‘நொண்டி நாடகம்’ (1963), ‘இராவணேசன்’ (1964), ‘வாலி வதை’ (1967) ஆகியவை உருவாயின. விடியவிடிய நடந்த ஆட்டத்தை ஒன்றரை மணி நேர அளவுக்குச் சுருக்கினார்கள். பலருக்கு நினைவிருப்பது இந்தச் சுருக்கமும் படச்சட்ட மேடையும்தான். ஆனால் மாணவர்களுக்கு ஆட்டம் பழக்க வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார் வரவழைக்கப்பட்டார் என்பது அவற்றைவிட முக்கியமான முடிவு. ஆட்டத்தின் நீளத்தைக் குறைத்தவர்கள் பழக்கத்தின் நீளத்தைக் குறைக்கத் துணியவில்லை. கூத்தின் சாயலை மட்டும் நாலைந்து நாளில் ஒட்டவைத்த பிற்கால முயற்சிகள் பல நிற்காமல் போனதற்குக் காரணத்தை இங்கே தேடலாம்.

மைனிங்கன் முதல் மாஸ்கோ வரை

ஐரோப்பாவில் நீண்ட கூட்டு ஒத்திகை ஏறக்குறைய 150 ஆண்டு வரலாறு கொண்ட புதிய வழக்கம். ஜெர்மனியின் சிறிய சமஸ்தானமான சாக்ஸ்-மைனிங்கனின் பிரபு இரண்டாம் கியோர்க் தன் அரண்மனை நாடகக் குழுவைத் தானே வழிநடத்தினார். வருமானத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லாததால் வேண்டிய மட்டும் ஒத்திகை பார்க்க அவரால் முடிந்தது. முதன்மை நடிகர்களும் அடுத்த நாடகத்தில் கூட்டத்தில் ஒருவராக நிற்க வேண்டும் என்பது அங்கே விதி. 1874இல் பெர்லினில் ‘ஜூலியஸ் சீசர்’ ஆடியபோது அதன் கூட்டக் காட்சிகள் பெரும் பரபரப்பை உண்டாக்கின. 1890வரை குழு ஐரோப்பாவைச் சுற்றியது. மாஸ்கோவில் அதைப் பார்த்தவர்களில் ஒருவர் கான்ஸ்தந்தீன் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி.

1897 ஜூனில் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியும் நாடகாசிரியர் நெமிரோவிச்-தான்சென்கோவும் ஸ்லாவியான்ஸ்கி பஜார் உணவகத்தில் சந்தித்து ஏறக்குறைய 18 மணி நேரம் பேசினார்கள்; அந்தப் பேச்சில் மாஸ்கோ கலை அரங்கு பிறந்தது. 1898 கோடையில் நகரத்துக்கு வெளியே புஷ்கினோ என்ற இடத்தில் ஒரு களஞ்சியக் கொட்டகையைச் சீர்செய்து ஒத்திகை தொடங்கினார்கள். வேலையாட்கள் இல்லை, இடத்தைச் சுத்தம் செய்வதும் தேநீர் வைப்பதும் நடிகர்கள் முறைவைத்துச் செய்ய வேண்டியவை. முதல் முறை ஸ்தனிஸ்லாவ்ஸ்கியுடையது. தண்ணீர் ஊற்றாமலே சமோவாரைப் பற்றவைத்து அதை உருக்கிவிட்டதாக அவரே தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

அந்த ஆண்டு டிசம்பரில் செகாவின் ‘கடற்பறவை’ அரங்கேறியது. இரண்டாண்டுக்கு முன் பீட்டர்ஸ்பர்கில் படுதோல்வி கண்ட நாடகம் அது. மாஸ்கோவில் 24 ஒத்திகைகள், மொத்தம் 80 மணி நேரம் செலவாயின. அன்றைய வழக்கத்துக்கு இது மிக அதிகம். ஸ்தனிஸ்லாவ்ஸ்கிக்கோ போதவில்லை, ஒரு வாரம் தள்ளிவைக்காவிட்டால் சுவரொட்டியிலிருந்து தன் பெயரை எடுத்துவிட வேண்டும் என்றார். நெமிரோவிச் இணங்கவில்லை. நாடகம் வென்றது.

எத்தனை மணி நேரம் என்பதைவிட, அந்த நேரத்தில் என்ன நடந்தது என்பது பின்னால் பெரிய கேள்வியானது. ‘கடற்பறவை’க்கான இயக்கத் திட்டத்தை ஸ்தனிஸ்லாவ்ஸ்கி ஒத்திகை அறையில் எழுதவில்லை. வெளியூரில் தன் சகோதரரின் பண்ணையில் இருந்துகொண்டு ஒவ்வோர் அசைவையும் இடைவெளியையும் தவளைச் சத்தத்தையும் தாளில் குறித்துப் பகுதி பகுதியாக அனுப்பினார். நடிகர்கள் அதை நிறைவேற்றினார்கள். தன் கடைசி ஆண்டுகளில் அவர் இதற்கு நேர்மாறான இடத்தில் இருந்தார். மோலியேரின் ‘தார்த்தூஃப்’ நாடகத்தை எடுத்துக்கொண்டு ஒரு சிறு குழுவோடு தன் வீட்டிலேயே வேலை செய்தார். வசனத்தை மனப்பாடம் செய்ய விடவில்லை. இந்த நிலைமையில் இந்த மனிதர் என்ன செய்வார் என்பதை உடலால் செய்து கண்டுபிடியுங்கள், சொல் பிறகு வரட்டும் என்பது முறை. மேடையேற்றம் நோக்கமே அல்ல, கற்பதுதான் நோக்கம் என்று நடிகர்களிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். 1938இல் அவர் இறந்தபோதும் நாடகம் முடிந்திருக்கவில்லை. மிகயீல் கெத்ரோவ் அதை முடித்து 1939இல் மேடையேற்றினார். பங்கேற்ற நடிகர் வசீலி தொபர்கோவ் அந்த ஒத்திகைகளைப் பற்றி எழுதிய நூல், நாடகப் பயிற்சி பற்றிய நூல்களில் மிகப் பயனுள்ள ஒன்று. ஸ்தனிஸ்லாவ்ஸ்கியின் கோட்பாட்டு நூல்களைவிடத் தெளிவானது என்றும் சொல்லத் தோன்றுகிறது.

பெர்லினும் ராய்ப்பூரும்

ஜெர்மன் நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட் 1949இல் தொடங்கிய பெர்லினர் அன்சாம்பிளில் ஒத்திகை ஓர் ஆய்வுக்கூடமாக இருந்தது. 1954 அக்டோபரில் அரங்கேறிய ‘காக்கேசிய வெண்கட்டி வட்டம்’ அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியிலிருந்தே ஒத்திகையில் இருந்தது. வெளியார் வந்து உட்கார்ந்து பார்க்கலாம், கருத்துச் சொல்லலாம். உதவியாளர் ஹான்ஸ் பூங்க அந்த ஒத்திகைகளை ஒலிநாடாவில் பதிவு செய்தார். வசனத்தை ‘அவன் சொன்னான்’ என்று படர்க்கையிலும் இறந்தகாலத்திலும் பேசிப் பார்ப்பது, மேடைக் குறிப்புகளையும் வாய்விட்டுச் சொல்வது போன்ற பயிற்சிகள் நடந்தன. பாத்திரத்துக்கும் தனக்கும் இடையே நடிகர் ஓர் இடைவெளியை உணரவே இவை. மேடையில் பார்வையாளர் காணும் விலகல் ஒத்திகை அறையில் இலக்கணப் பயிற்சியாகத் தொடங்கியது.

1956இல் பிரெக்ட் இறந்த சில வாரங்களில் பெர்லினுக்கு வந்து சேர்ந்தார் ஹபீப் தன்வீர். பிரெக்டைப் பார்க்க முடியாமல் போனாலும், மாதக்கணக்கில் தங்கி அவருடைய நாடகங்களைப் பார்த்தார். லண்டனில் நாடகக் கல்வி பெற்றவர். பிறந்த ஊர் ராய்ப்பூர். திரும்பி வந்து 1958இல் ‘மிட்டி கி காடி’ நாடகத்துக்குச் சத்தீஸ்கர் நாட்டுப்புறக் கலைஞர்கள் ஆறு பேரைச் சேர்த்துக்கொண்டார். 1959இல் மோனிகா மிஸ்ராவோடு நயா தியேட்டரைத் தொடங்கினார். அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஒன்றும் சரியாக அமையவில்லை. தம் ஊரில் விடியவிடிய ஜனங்களைச் சிரிக்கவைக்கிற, நாச்சா என்ற சத்தீஸ்கர் நாட்டுப்புற நாடகத்தின் கலைஞர்கள் அவருடைய மேடையில் விறைத்துப் போனார்கள்.

காரணத்தைத் தன்வீர் பின்னாளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். மூன்று பக்கமும் ஜனங்கள் உட்கார்ந்திருக்க, எந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பு வருகிறதோ அந்தப் பக்கம் திரும்பி ஆடிப் பழகியவர்களை, இந்த வசனத்தில் வலப்பக்கம் மூன்று அடி எடுத்துவை என்று சாக்பீஸ் கோட்டில் நிற்கவைத்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் எழுதிய பிரதியை மனப்பாடம் செய்யச் சொன்னார். அதுவும் அவர்களுடைய சத்தீஸ்கரியில் அல்ல, புத்தக இந்தியில். லண்டனில் கற்ற ஒத்திகை முறையே நாடகத்துக்கு எதிரியாக இருந்தது. 1973இல் ராய்ப்பூரில் நடத்திய நாச்சா பட்டறையில் அவர் முறையை மாற்றினார். கதையைச் சொல்லிவிட்டு அவர்களையே அவர்கள் மொழியில் ஆடவிட்டு, வந்ததிலிருந்து எடுத்துக் கோத்தார். 1975இல் ‘சரண்தாஸ் சோர்’ இந்த வழியில் உருவானது. ராஜஸ்தானி எழுத்தாளர் விஜயதான் தேத்தா திரட்டிய ஒரு வாய்மொழிக் கதை அதன் மூலம். பாட்டும் சத்னாமி மரபின் பந்தி நடனமும் ஒத்திகைப் போக்கில் வந்து சேர்ந்தன. 1982இல் எடின்பரோ விழாவில் அந்நாடகம் பரிசு பெற்றது.

நீண்ட ஒத்திகை தானாகவே நல்லது என்ற எளிய முடிவைத் தன்வீரின் அனுபவம் உடைக்கிறது. நடிகர் எதைச் சுமந்துகொண்டு வருகிறாரோ அதற்கு இடம்கொடுக்காத ஒத்திகை, நாள் கூடக்கூட அவரை மழுங்கடிக்கவே செய்யும்.

ஆங்கில இயக்குநர் பீட்டர் புரூக் இதை மிக இளம் வயதிலேயே கண்டுகொண்டார். 1946இல் ஸ்ட்ராட்ஃபோர்டில் ‘லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்’ நாடகத்துக்கு, முதல் ஒத்திகையின் முந்தைய இரவு அட்டைத் துண்டுகளை நகர்த்தி நகர்த்தி ஒவ்வொருவர் நடமாட்டத்தையும் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். மறுநாள் உயிருள்ள நடிகர்கள் முதல் சில அடிகள் எடுத்து வைத்ததுமே திட்டம் பொருந்தாது என்பது தெரிந்துவிட்டது. ஒவ்வொருவருக்கும் ஒரு வேகம், ஒரு விறுவிறுப்பு. குறிப்பேட்டை வைத்துவிட்டு நடிகர்களுக்கு நடுவே போய் நின்றார். பிறகு எழுதிவைத்த திட்டத்தைப் பார்த்ததே இல்லை என்கிறார் 1968இல் வெளியான ‘வெற்று வெளி’ நூலில்.

1972 டிசம்பரில் அவர் தன் பன்னாட்டு நடிகர்களோடு ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்டதும் ஒத்திகையின் நீட்சிதான். அல்ஜீரியாவிலிருந்து சகாரா வழியாக நைஜீரியாவரை, ஊர்ச் சந்தையில் ஒரு கம்பளத்தை விரித்து ஆடினார்கள். பொது மொழி கிடையாது, தெரிந்த கதை கிடையாது. முதல் ஆட்டங்களில் ஒன்றில் கம்பளத்தின் நடுவே வைக்கப்பட்ட ஒரு ஜோடிப் பழைய பூட்ஸ்தான் நாடகப் பொருள். கவனம் எந்த நொடியில் கைநழுவுகிறது என்பதை ஜனங்கள் உடனுக்குடன் காட்டினார்கள். போரடித்தால் எழுந்து போனார்கள். பார்வையாளரை ஒத்திகைக்குள் கொண்டுவர மட்டக்களப்பில் ஊரே செய்யும் ஏற்பாட்டைப் புரூக் பாலைவனம் கடந்து தேட வேண்டியிருந்தது.

நேரத்துக்கு யார் பணம் தருகிறார்கள்

மேலே சொன்ன எல்லா முறைகளுக்குப் பின்னாலும் ஒரு பொருளாதாரம் இருக்கிறது. மைனிங்கனில் பிரபுவின் கஜானா, மாஸ்கோவில் சாவா மரோசவ் போன்ற வணிகர்களின் கொடை, பெர்லினிலும் விரோத்ஸ்வாஃபிலும் அரசு மானியம், பாலர் சபைகளில் சிறுவர்களின் மலிவான உழைப்பு, மட்டக்களப்பில் வயல் வேலைக்கு இடைப்பட்ட காலமும் ஊரின் கூட்டுச் செலவும். அரங்கேற்றத்துக்கு டிக்கெட் விற்கலாம். ஒத்திகைக்கு விற்க முடியாது. ஆகவே கை இறுகும்போது முதலில் குறைவது ஒத்திகை நாட்கள்தான். காட்சியமைப்பையோ ஒளியையோ குறைத்தால் பார்வையாளருக்கு உடனே தெரியும். ஒத்திகை குறைந்தால் நாடகம் ஏதோ சப்பென்று இருந்தது என்று மட்டும் தெரியும்.

தமிழ்நாட்டின் நவீன நாடகம் இந்த நெருக்கடியை நேரடியாகச் சந்தித்தது. 1977இல் காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பட்டறையும், 1980இல் வங்க நாடகாசிரியர் பாதல் சர்க்கார் சோழமண்டலத்தில் நடத்திய பட்டறையும் பல குழுக்கள் தோன்ற வழிவகுத்தன. பட்டறை என்பது சில வாரம். வந்தவர்கள் பிறகு ஆசிரியர் வேலைக்கும் வங்கி வேலைக்கும் திரும்பினார்கள். ந. முத்துசாமி (1936–2018) முன்னின்று 1977இல் சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறை இதை மாற்ற முயன்றது. அவர் புரிசை கண்ணப்பத் தம்பிரானின் தெருக்கூத்தைப் பார்த்து, நடிகரின் உடல் எவ்வளவு காலப் பயிற்சியில் உருவாகிறது என்பதை உணர்ந்தவர். ஃபோர்டு அறக்கட்டளையின் நிதியுதவி கிடைத்த காலத்தில் நடிகர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்து, கூத்து, சிலம்பம், குரல், உடற்பயிற்சி என்று நாள் முழுவதும் பயிற்சி நடந்தது. தமிழில் பாலர் சபைகளுக்குப் பிறகு நடிகருக்குப் பகல்நேரம் முழுவதையும் தந்த ஏற்பாடுகள் வெகு சில. அவற்றில் இது முக்கியமானது.

நிதி நிரந்தரமல்ல. பசுபதி, கலைராணி போன்றவர்கள் இந்தப் பயிற்சியோடு சினிமாவுக்குப் போய்த் தனித்துத் தெரிந்தார்கள். நடிகருக்கு அது வாழ்க்கை. நாடகக் குழுவுக்கு இழப்பின் கணக்கு வேறு. ஒருவர் விலகினால் அவர் பாத்திரத்தை இன்னொருவர் இரண்டு வாரத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் ஆண்டுக்கணக்கில் அவரோடு சேர்ந்து பழகி, அவர் மூச்சை அறிந்து தம் மூச்சை அமைத்துக்கொண்ட மற்ற நடிகர்கள் எல்லோருக்கும் ஒத்திகை முதலிலிருந்து தொடங்குகிறது.